லெக்காங்கா, இல்லையா

என் மாமியார் ரம்புத்தான் வாங்குவதை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். ஆயர் ஈத்தாம் பாசாரில் அவர் தூரத்தில் வரும்போதே பழக்கடைக்காரர்கள் குனிந்து எதையாவது அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் விலை கேட்பதில்லை. இனிப்பா என்றும் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"லெக்காங்கா, இல்லையா?"

மலாய்ச் சொல். பினாங்கில் வளர்ந்த எந்த வாய்க்கும் தெரிந்த சொல். ரம்புத்தானின் சதை விதையை விட்டுச் சுத்தமாகக் கழன்று வந்தால் அது லெக்காங். விதையின் மேல்தோலும் சேர்ந்து பிய்ந்துகொண்டு, மரப்பட்டையை மெல்வதுபோல நாக்கில் ஒட்டினால் அது லெக்காங் இல்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே முடி. கடித்தால்தான் தெரியும்.

"லெக்காங்தான் அக்கா, நம்புங்க லா," என்பார் கடைக்காரர்.

"ஒன்ன நம்பறேன். ஒம் பழத்ததான் நம்பமாட்டேன். ஒன்னு உரிச்சிக் குடு."

வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்ப்பார். விதை வழவழவென்று முழுசாக இருந்தால் பை விரியும். தோல் பிய்ந்திருந்தால் விதையைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவார். கல்யாணமான புதிதில் எனக்கு இது கூச்சமாக இருந்தது. பிறகு சிரிப்பாக இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே கை தானாக வயிற்றுக்குப் போகிறது.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கைப்பேசிக்குள்ளும் ரோட்டில் ஓடும் காடிக்குள்ளும் போகிற சில்லுகளை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்போம். எங்கள் பிரிவில் எல்லாரும் பெண்கள். உடை மாற்றும் அறையில்தான் எங்கள் ஊர்ப் பேச்செல்லாம். அங்கே மாதவிடாய் வலிக்கு ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்வாள், எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். மலாய்த் தோழிகள் செங்குகுட் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். பட்டர்வொர்த்திலிருந்து வரும் அக்கா ஒருவர், "உள்ள யாரோ ஈரத் துணிய முறுக்கிப் பிழியறாங்கடி" என்பார். இன்னொருத்தி, "இடுப்புல லாரி ரிவர்ஸ் எடுக்குது" என்பாள், அந்தச் சத்தத்தையும் சேர்த்து.

என்னைக் கேட்டபோது நான் சொன்னது இது: "உள்ள ரெண்டு என்னமோ ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டிருக்கு. பிரிச்சி விட்டாத்தான் நிக்கும்போல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

வயது முப்பதைத் தாண்டியதும் வலி மாதத்தில் சில நாள் என்பதை மறந்துபோய் எல்லா நாளும் வரத் தொடங்கியது. பிள்ளை வேண்டும் என்று நாங்கள் காத்திருந்ததும் அந்த வருடங்களில்தான். ஒருநாள் ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன், கம்பிகள் எல்லாம் சேர்ந்து வெள்ளையாகிவிட்டன. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். கிளினிக்கிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்த பெண் மருத்துவர் பினாங்குச் சீனர். எங்களிடம் மலாயில்தான் பேசினார், இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ் என்றார். கருப்பையின் உள்பக்கம் இருப்பது போன்ற சவ்வு, வெளியே இருக்கக்கூடாத இடங்களில் வளர்ந்துவிடுகிறது. மாதாமாதம் அதிலிருந்தும் இரத்தம் கசியும், ஆனால் வெளியேற வழி இருக்காது. என் இரண்டு சினைப்பைகளிலும் அந்தப் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியாகியிருக்கிறது. நிறத்தைப் பார்த்து அதற்கு சாக்லெட் சிஸ்ட் என்று பெயர். இரத்தப் பரிசோதனையில், இந்த வயதுக்கு இருக்கவேண்டியதைவிட முட்டை குறைவாக இருப்பதாகவும் தெரிகிறது.

என் கணவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பெரிய பெட்டியைக்கூட ஆடாமல் இறக்குவார், ஆனால் ஒரு செய்தியைச் சொல்லத் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டே வரியில் சொன்னார்: "வயித்துல சாக்லெட் கட்டியாம். முட்டை பத்தலையாம்."

அவ்வளவுதான். மறுநாள் வீட்டில் இருந்த சாக்லெட் மாவு டின் காணாமல் போனது. தீபாவளிக்குத் தொழிற்சாலையில் கொடுத்த சாக்லெட் பெட்டி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது. காலையில் நான் எழுந்து வந்தால் மேசையில் கோப்பிக்கடை மாதிரி கண்ணாடிக் கோப்பை, அதில் அரைவேக்காட்டு முட்டை, மேலே சோயா சாஸ், வெள்ளை மிளகுத்தூள்.

"அத்தை, எனக்கு இது ஒத்துக்காது."

"ஒத்துக்கும் ஒத்துக்கும். பத்தலன்னு டொக்டரே சொல்லிட்டாங்க. குடி."

நோயின் பெயர் அவர் நாக்கில் நிற்கவில்லை. எண்டோ வரைக்கும் வரும், அதற்குப் பிறகு வழி தவறி "மேஸ்திரி"யில் போய் முடியும். அவர் நிபோங் திபால் தோட்டத்தில் வளர்ந்தவர், அங்கே மேஸ்திரி என்றால் நேரம் பார்க்காமல் வந்து நிற்கிற ஆள். அதனால் அந்தப் பெயர் பொருந்திவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தால் வாசலில் நின்று கேட்பார்: "என்னா, மேஸ்திரி வந்துட்டானா இன்னிக்கி?"

அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது மாமியாரும் காடியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மருத்துவர் வாயைத் திறக்குமுன் தன் வைத்தியத்தை ஒப்பித்தார். "சாக்லெட்ட சுத்தமா நிறுத்திட்டேன் டொக்டர். முட்டை தெனம் ரெண்டு குடுக்கறேன்." மலாயில்தான் சொன்னார். மலாயில் இரண்டு முட்டைக்கும் ஒரே சொல், தெலோர்.

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த முட்டை வேற ஆண்ட்டி. சாப்பிட்டு ஏத்த முடியாது. ஒரு பொண்ணு பிறக்கும்போதே எல்லாத்தையும் கொண்டுவந்துடறா. அவ அம்மா வயித்துல இருக்கும்போதே உருவாயிடும். அப்புறம் குறையும், கூடாது."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார், என்னை முதல்முறை பார்ப்பதுபோல.

"அப்ப இவ இவங்கம்மா வயித்துல இருந்தப்பவே, எம் பேரப்புள்ளையும் அங்கதான் இருந்துச்சா?"

"பாதி," என்றார் மருத்துவர். "மீதிப் பாதி உங்க மகன்கிட்ட."

இந்தப் பாதிப் பிள்ளை என் தலையைவிட்டுப் போகவே இல்லை. என் அம்மா தாசேக் கெலுகோரில் ரப்பர் பால் வெட்டப் போனபோது நான் அவர் வயிற்றில் இருந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினேன் என்று சொல்வார். அந்த மேட்டில் அவருக்குள் நான், எனக்குள் இந்த முட்டைகள். மூன்று பேராக ஏறியிருக்கிறோம். இதை எத்தனையோ பேர் படித்துத் தெரிந்துவைத்திருப்பார்கள். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அன்று நாங்கள் போனது வழி கேட்க. வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஆனால்' இருந்தது. மாத்திரையோ ஊசியோ போட்டு நோயைத் தூங்கவைக்கலாம், வலி குறையும், ஆனால் அந்த மருந்து ஓடும்வரை பிள்ளை தங்காது. ஆபரேஷனே வேண்டாம் என்று நேராக ஐ.வி.எஃப். போகலாம், முட்டையை ஊசியால் வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைப்பது. ஆனால் வலி அப்படியே இருக்கும், இவ்வளவு பெரிய கட்டிகள் முட்டை எடுக்கும் ஊசிக்குக் குறுக்கே நிற்கவும்கூடும். பிள்ளை பெற்று முடித்தவர்கள், இனி வேண்டாம் என்பவர்கள், கருப்பையையே எடுத்துவிடுவதும் உண்டு. அதை அவர் சொன்னது எனக்காக இல்லை, ஒன்றையும் மறைக்கக்கூடாது என்பதற்காக.

மிச்சம் இருந்தது வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் ஆபரேஷன். அதிலும் இரண்டு விதம். கட்டிக்குள் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்சுவரை லேசாகச் சுடலாம். சினைப்பைக்கு அடி குறைவு, ஆனால் கட்டி மறுபடி நிரம்ப வாய்ப்பு அதிகம். அல்லது கட்டியின் தோலையே உரித்து எடுக்கலாம். திரும்ப வருவது குறையும், வலியும் நன்றாகக் குறையும், தானாகவே கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடலாம்.

"அப்ப உரிச்சிடுங்க," என்றேன்.

"அவசரப்படாதீங்க. கட்டியோட தோல் சினைப்பையோட ஒட்டிக்கிட்டிருக்கும். சிலருக்கு உரிக்கும்போது சுத்தமா வரும். சிலருக்கு நல்ல சதையும் சேர்ந்து பிஞ்சி வரும். அந்தச் சதையிலதான் முட்டை இருக்கு. உங்களுக்கு ஏற்கெனவே குறைவு."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த விஷயத்துக்கு இப்போதுதான் மருத்துவர் வந்து சேர்ந்திருந்தார்.

"ரம்புத்தான் மாதிரியா டொக்டர்? லெக்காங்கா, இல்லையான்னு?"

மருத்துவர் பேனாவை மேசையில் வைத்தார். "அதேதான் ஆண்ட்டி. லெக்காங்கா, இல்லையா. ஸ்கேன்ல தெரியாது. உள்ள போனாத்தான் தெரியும்."

"கடிச்சாத்தான் தெரியும்," என்றார் மாமியார் என்னிடம், மொழிபெயர்ப்பதுபோல.

மருத்துவர் ஒரு கேள்வியை எங்களிடம் கொடுத்து அனுப்பினார். நான் மயக்கத்தில் இருக்கும்போது, உள்ளே சந்தேகம் வந்தால், என்னை எழுப்பிக் கேட்க முடியாது. அதனால் இப்போதே சொல்லவேண்டும். எடுத்தால் வலி போகும், முட்டை குறையலாம். விட்டால் முட்டை மிஞ்சும், வலி திரும்பலாம். சந்தேகம் வரும் இடத்தில் அவர் எந்தப் பக்கம் சாயவேண்டும்?

சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தோம். கணவர் சோற்றைத் தொடவே இல்லை.

"எனக்குப் புள்ள வேணாம்," என்றார். "முழுசா எடுத்துரச் சொல்லு. நீ தரையில கெடந்தன்னு ஃபோன் வந்துச்சி பாரு, அந்த மாதிரி இன்னொரு ஃபோன் எனக்கு வேணாம்."

அவர் என்னோடு இத்தனை சொற்கள் சேர்ந்தாற்போலப் பேசி நாளாகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"எனக்கு ரெண்டும் வேணும். வலியும் போவணும், புள்ளையும் வேணும்."

"ரெண்டும் கெடைக்காதுன்னுதான டொக்டர் சொல்றாங்க."

"கெடைக்காதுன்னு சொல்லல. தெரியாதுன்னு சொன்னாங்க."

மாமியார் தன் தட்டிலிருந்த மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சண்ட போடாம சாப்புடுங்க. ரெண்டு பழம் இருக்குல்ல? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்னு யாரு சொன்னா? வர்றத எடுக்கச் சொல்லு. வரலன்னா இழுக்காதன்னு சொல்லு. அவ்ளோதான."

மருத்துவரிடம் நான் அதைத்தான் சொன்னேன். "லெக்காங்னா எடுத்துருங்க. லெக்காங் இல்லன்னா விட்டுருங்க. வலியோட நான் பாத்துக்கறேன்." மருத்துவர் திருப்பிச் சொல்லச் சொன்னார், விளையாட்டில்லை என்று உறுதிசெய்துகொள்ள. இரண்டாவது முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். கணவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் நாளைப்பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். கூரையில் ஒரு விளக்கு, நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் தமிழில் "மூச்ச நல்லா இழுங்கம்மா" என்றது, பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை நினைத்தால் இன்றைக்கும் வியப்புதான். என் வாழ்க்கையின் முக்கியமான பொழுது அது, அதில் நான் மட்டும் இல்லை.

விழித்தபோது வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது. வாய் உலர்ந்திருந்தது. மருத்துவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், தலையில் அந்தப் பச்சைத் துணித்தொப்பி. வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கே இருக்கிறேன் என்றும் கேட்கவில்லை.

"லெக்காங்கா?"

"வலது லெக்காங்," என்றார். "இடது இல்லை. விட்டுட்டேன்."

நான் மறுபடி தூங்கிப்போனேன். அழுதேன் என்று மாமியார் சொல்கிறார், எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் தோள்வலியைப்பற்றி மிஸ்ஸியிடம் கேட்டேன். ஆபரேஷனுக்கு வயிற்றைக் காற்றால் உப்பவைப்பார்கள், அந்த வாயு கொஞ்சம் உள்ளே தங்கினால் வலி தோளில் தெரியும், தானாகச் சரியாகிவிடும் என்றார். மாமியாருக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததை நான் பார்த்ததே இல்லை. தலைவலியிலிருந்து முட்டிவலிவரை எல்லாவற்றுக்கும் அவர் காத்து என்றுதான் சொல்வார். வாழ்நாள் முழுக்க யாரும் நம்பவில்லை.

"கேட்டுக்கடா," என்றார் மகனிடம். "காத்துதான். ஆஸ்பத்திரியே சொல்லிருச்சி."

மாதம் ஒன்று போனபின் தையலைப் பார்க்கச் சென்றபோது மருத்துவர் கேட்டார், உள்ளே எடுத்த படத்தைப் பார்க்கிறீர்களா என்று. பயமாக இருந்தால் வேண்டாம் என்றார். நான் நாற்காலியை இழுத்துத் திரைக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டேன். நாள் முழுக்க சின்னதைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதானே என் பிழைப்பு.

என்ன சொல்வது? நான் இவ்வளவு ஈரமாகவும் இவ்வளவு வெளிச்சமாகவும் இருப்பேன் என்று நினைத்ததில்லை. உள்ளே இருட்டு என்றுதான் நினைத்திருந்தேன். கேமராவின் விளக்கில் எல்லாம் இளஞ்சிவப்பும் முத்து வெள்ளையுமாகப் பளபளத்தது. குடல் மெதுவாக நெளிந்தது, யாரும் பார்க்கவில்லை என்பதுபோலத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மருத்துவர் விரலால் காட்டினார்: "இது கருப்பை." மூடிய கைமுட்டி அளவு. இவ்வளவுதானா, இதற்குத்தானா இத்தனை கண்ணீர் என்று தோன்றியது. அடுத்த நொடியே அதன்மேல் பாசம் பொங்கியது, வீட்டில் பிறந்த சின்ன உயிரைப் பார்ப்பதுபோல.

"இப்ப பின்பக்கம் பாருங்க. உங்க ரெண்டு சினைப்பையும்."

கருப்பைக்குப் பின்னால் அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கன்னத்தோடு கன்னம் வைத்ததுபோல. தனித்தனியாக இருக்கவேண்டியவை, நோய் பசையாகி இழுத்துக் கட்டிவைத்திருந்தது.

உள்ள ரெண்டு என்னமோ ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டிருக்கு. பிரிச்சி விட்டாத்தான் நிக்கும்போல.

உடை மாற்றும் அறையில் சிரித்துக்கொண்டே சொன்னேனே, அந்த வரி. யார் சொல்லிக்கொடுத்தார்கள் எனக்கு? கண் பார்க்காததை, படிப்பு சொல்லாததை, என் வாய் எப்படி எடுத்தது? மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நிறைய பேர் சரியாத்தான் சொல்றாங்க," என்றார். "நாங்கதான் அதை வெறும் பேச்சுன்னு விட்டுடறோம்."

திரையில் இரண்டு மெல்லிய இடுக்கிகள் வந்தன. முதலில் ஒட்டியிருந்ததைப் பிரித்தன, இழை இழையாக. வலது கட்டியைத் திறந்ததும் வழிந்தது பாருங்கள், சாக்லெட் என்று பெயர் வைத்தவருக்கு நல்ல கண். கெட்டியாக, கரும்பழுப்பாக, வருடக்கணக்கில் போக வழியில்லாமல் நின்ற இரத்தம். அதைக் கழுவி எடுத்தபின் ஒரு இடுக்கி கட்டியின் தோலைப் பிடித்தது, இன்னொன்று சினைப்பையைப் பிடித்தது. எதிரெதிராக, மெதுவாக, மெதுவாக. தோல் சுருண்டுகொண்டு தனியே வந்தது. கீழே சினைப்பை வெள்ளையாக, முழுசாக நின்றது. மாமியார் அங்கே இருந்திருந்தால் பையை விரித்திருப்பார்.

பிறகு இடது. அதே இடுக்கிகள், அதே பிடி. கொஞ்சம் வந்தது. அப்புறம் வரவில்லை. இழுத்த இடத்தில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின, தோலோடு வெள்ளைச் சதை ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டு வந்தது. இடுக்கிகள் நின்றன.

அந்த நிற்பைத்தான் நான் மறக்கமாட்டேன். படம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எதுவும் அசையவில்லை. ஒரு வெள்ளை நூலும், அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் ஒரு கையும். திரைக்கு வெளியே அந்தக் கைக்கு உரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் லைனில் ஒரு கம்பி சரியில்லை என்றால் அதைச் சரிசெய்ய ஆசைதான் வரும், இன்னொருமுறை, இன்னும் ஒரேயொருமுறை என்று. அடியில் இருக்கும் தகடு பெயர்ந்தபிறகுதான் கை நிற்கும். நானே எத்தனையோ முறை பெயர்த்திருக்கிறேன். அந்தத் திரையில் இடுக்கி தன் பிடியைத் திறந்தது. தோலை விட்டது. தண்ணீர் விட்டுக் கழுவி, இரத்தம் கசிந்த இடத்தில் மட்டும் சூடு வைத்து, நகர்ந்துவிட்டது.

"இழுத்திருந்தா வந்திருக்கும்," என்றார் மருத்துவர். "எதோடன்னு தெரியாது."

கடைசியில் ஒன்று காட்டினார். கீழிருந்து நீலச் சாயத்தைச் செலுத்தி, கருக்குழாய்களில் வழி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாயின் நுனியில், கடல்பூ மாதிரி விரிந்திருந்த விரல்களுக்கு நடுவிலிருந்து நீலம் எட்டிப்பார்த்தது, ஒரு துளி, பிறகு வழிந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. வழி இருந்தது. இரண்டு பக்கமும் இருந்தது. ஆபரேஷன் முடிந்த நாளில் என் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போனதற்கு மாமியார் முட்டையைத்தான் குற்றம் சொன்னார். காரணம் இதுதான்.

மருத்துவர் பொய்த் தேறுதல் சொல்கிறவர் இல்லை. வலது பக்கத்துக் கட்டி போய்விட்டது. இடதில் தோல் மிச்சம் இருக்கிறது, மறுபடி நிரம்பலாம். முட்டைக் கணக்கு எப்படியும் கொஞ்சம் இறங்கியிருக்கும். மறுபடி மறுபடி ஆபரேஷன் செய்தால் இன்னும் இறங்கும், அதனால் இன்னொன்றை அவர் விரும்பவில்லை. இப்போது வழி திறந்திருக்கிறது, சில மாதம் தானாக முயலுங்கள், இல்லையென்றால் தள்ளிப்போடாமல் ஐ.வி.எஃப். வந்துவிடுங்கள் என்றார்.

வலி போனது. முழுசாக இல்லை, இடது பக்கம் யாரோ சுண்டு விரலால் சட்டையை இழுப்பதுபோல ஒன்று இருந்தது. "மேஸ்திரி அரை நாள் வேலைக்கு மாறிட்டான்," என்றார் மாமியார். நான் ஸ்கோப்பின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆயர் ஈத்தாம் மலையடியில் படி ஏறினேன். ஒன்றும் வலிக்காமல் நடப்பது எப்படி இருக்கும் என்று நான் மறந்தே போயிருந்தேன், தெருவில் நடந்துகொண்டே எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

மாதங்களும் போயின. ஒவ்வொரு மாதமும் மாதவிடாய் வந்தது. கணவர் ஒன்றும் கேட்கமாட்டார், கடையிலிருந்து எனக்குப் பிடித்த ஆப்பம் பாலிக் வாங்கி வந்து மேசையில் வைப்பார், அதுதான் அவர் கேட்பதும் சொல்வதும். மருத்துவர் கொடுத்த தவணை முடிந்தது. ஐ.வி.எஃப். தொடங்கும் முன் ஸ்கேன் பார்க்க நாள் வாங்கினோம். அந்த மாதம் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது. பயத்தில் தள்ளிப்போகும் என்று நினைத்துக்கொண்டேன். மிஸ்ஸிதான், எதற்கும் சிறுநீரை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றார்.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. மிஸ்ஸி திரும்பி வந்து நேரே மருத்துவரிடம் போனார். மருத்துவர் என்னைப் படுக்கவைத்து ஸ்கேன் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கரு வெளியே குழாயில் தங்கிவிடும் ஆபத்து கொஞ்சம் அதிகம், அதனால் முதலில் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று பின்னால் சொன்னார். கணவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், கை எட்டவில்லை போலும்.

"உள்ளதான் இருக்கு," என்றார் மருத்துவர். "கருப்பைக்குள்ள. சரியான இடத்துல."

கறுப்பு வட்டம் ஒன்று. இத்தனை வருடம் திரையில் கறுப்பு வட்டத்தைப் பார்த்தாலே கட்டி என்று பயந்திருக்கிறேன். இதுவும் கறுப்பு வட்டம்தான். அதற்குள் அரிசி நுனி போல ஒன்று, அதில் ஒரு துடிப்பு, மின்மினிபோல, நிற்காமல். எத்தனையோ சில்லுகளில் எத்தனையோ நுண்மையைப் பார்த்த கண். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மருத்துவர் கருவியை நகர்த்தினார். எதையோ தேடினார். கண்டுபிடித்ததும், நான் இதுவரை அவரிடம் காணாத ஒன்று முகத்தில் வந்தது.

"இங்க பாருங்க. முட்டை எங்கேருந்து கிளம்பிச்சோ, அந்த இடத்துல ஒரு அடையாளம் விட்டுட்டுப் போகும். கொஞ்சநாளுக்கு இருக்கும். கருவுக்கு வேண்டியத அதுதான் சுரந்து குடுக்கும்." திரையில் ஒரு வளையம், மங்கலாக, குஞ்சு பறந்தபின் இருக்கும் கூடுபோல.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

"இடது," என்றார். "லெக்காங் இல்லாதது."

அவர் கருவியை எடுக்கவில்லை. நாங்கள் மூவரும் அந்த மங்கிய வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பக்கத்திலேயே, உரிக்காமல் விட்ட அந்தத் தோலும் இருந்தது.

இதை எழுதும்போது என் வயிறு மேசையில் இடிக்கிறது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்த அக்கா கருப்பையையே எடுத்துக்கொண்டு, வலியில்லாமல் நிம்மதியாக இருக்கிறார், அவர் கேட்ட வழி அது. பிள்ளை பிறந்தபின் மேஸ்திரி திரும்பி வரலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் பாசாருக்கு மாமியாரோடு போனேன். ரம்புத்தான் காலம் தொடங்கிவிட்டது, எனக்கு அதன்மேல் ஆசையாக இருந்தது. கடைக்காரர் எங்களைக் கண்டதும் தானாகவே ஒன்றை உரித்து நீட்டினார். மாமியார் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். விதையை உள்ளங்கையில் துப்பினார். தோல் பாதி பிய்ந்திருந்தது.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இந்தத் தடவ மழ அதிகம் அக்கா. அடுத்த வாரம் நல்லதா வரும், அப்ப வாங்க."

மாமியார் விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போலக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பரவால்ல," என்றார். "இதுலயே ரெண்டு கிலோ போடு."